117ஆம் நம்பர் ரத்தம்

அடுப்பு டாக்டருக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது. அவர் வீட்டில் அது கணவருடைய வேலை. ஒருமுறை கணவர் காய்ச்சலில் படுத்தபோது டாக்டர் வெந்நீர் வைத்தார், பாத்திரம் கருகியது. தண்ணீரைக் கருக்கிய ஒரே ஆள் என் மனைவிதான் என்று அந்த மனிதர் இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது? அவர் ஆராய்ச்சி செய்வது மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி. முதியவர்களைக் கூட்டிவைத்து முதல் நாள் விளக்கியபோது, அந்த வார்த்தை யார் வாயிலும் நுழையவில்லை. டாக்டர் சொன்னார்: "உங்க உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூத்துக்கணக்குல குட்டிக் குட்டி அடுப்பு எரியுது. நீங்க சாப்பிடறது எல்லாம் அங்கதான் சக்தியா மாறுது. வயசானா அந்த அடுப்பு சரியா எரியாது, புகைய ஆரம்பிக்கும்."

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தச்சர் கையைத் தூக்கினார். "அந்தப் புகை எந்த வழியா வெளிய போகுது டாக்டரம்மா?"

அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டாக்டருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாக ஒரே கட்டடம், இரண்டாவது மாடி, கடைசி அறை. அறையில் பாதியை ஒரு பெரிய ஃப்ரீசர் அடைத்திருந்தது. மீதிப் பாதியில் மேஜை, மைக்ராஸ்கோப், பஞ்சு வெளியே வந்து பிளாஸ்திரி போட்ட ஒரு நாற்காலி. முக்கியமான எண்களைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். அந்த வேலையில் நாளைக்கு நாற்பது தடவை கை கழுவ வேண்டும். எழுதுவார், கழுவுவார், பிறகு "சிஸ்டர், இங்க ஒரு நம்பர் இருந்துச்சே, பாத்தீங்களா?" என்று கையை என்னிடம் நீட்டுவார்.

நான் நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டோடு கிடக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். டாக்டர் தன் ஆராய்ச்சிக்காக இருநூற்றுப் பன்னிரண்டு முதியவர்களைச் சேர்த்திருந்தார். அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, படுக்கையோடு இருப்பவர்களுக்கு வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, நகம் வெட்டி, பிரஷர் பார்த்து, உடம்புக்கு வந்தது போனதை நோட்டில் எழுதிவிட்டுப் போவாள். அப்படிப் போக ஐந்து பேர் இருந்தோம். நான் மூத்தவள், அவ்வளவுதான். ரத்தம் எடுக்க மட்டும் மீசைக்காரர் ஒருவர் தனியாகப் போவார்.

டாக்டர் என்ன தேடினார் என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்த மைட்டோகாண்ட்ரியா ஆதியில் தனியாகத் திரிந்த கிருமி. ஏதோ ஒரு காலத்தில் நம் முன்னோர் செல் ஒன்றுக்குள் விருந்தாளியாக நுழைந்து, போகவே இல்லை. இது எனக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டு நாள் தங்க வந்த என் நாத்தனார் பதினோரு வருஷம் இருந்தாள். வயதாக ஆக இது உடைந்து துண்டு துண்டாகச் சிந்தும். உடம்பைக் காவல் காக்கும் வெள்ளை அணுக்கள் அந்தத் துண்டுகளைப் பார்த்து, கிருமி வந்துவிட்டது என்று கூச்சல் போட்டு ஓடும். வீட்டு மனிதரையே திருடன் என்று அடித்து அடித்துக் களைத்துவிடும். உண்மையான திருடன் வரும்போது உட்கார்ந்து தூங்கும். கிழவர்களுக்குச் சாதாரணச் சளியும் மார்பில் இறங்குவது இதனால்தான் என்பது டாக்டரின் கட்சி. அப்படிச் சிந்தாத கிழவர் யாராவது இருக்கிறாரா, இருந்தால் ஏன் என்பது அவருடைய கேள்வி.

இந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்த மூன்று வருஷம் முடியப் போகிறது. ஆறு வாரத்தில் பணம் கொடுக்கும் குழு கூடும். தனியாக எடுத்துச் சொல்லும்படி ஏதாவது கண்டுபிடித்திருந்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். பக்கத்து அறை விஞ்ஞானி புதிதாக ஒரு மெஷினுக்கு ஏற்பாடு செய்திருந்தார். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று வாரம் ஒருமுறை வருவார். கையில் அளவு நாடா இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் 117 கிடைத்தது.

117 என்பது தொண்ணூற்றொரு வயதுக் கிழவி. தெருவே அவரை ஜட்ஜம்மா என்று கூப்பிடும். கோர்ட் பக்கம் போனதில்லை. ஆனால் கட்டிலில் படுத்தபடியே எல்லோருக்கும் தீர்ப்பு சொல்வார். ஒரே மகன், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மருமகள் காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் ஜட்ஜம்மாவிடம் தண்டனை.

டாக்டரின் கணக்குப்படி ஜட்ஜம்மாவின் வெள்ளை அணுக்களுக்கு வயது நாற்பத்தொன்பது. மூன்று வருஷமும் ஏறத்தாழ அதே. மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொன்றும் முழுசாக, நீளமாக, சிந்தாமல் சிதறாமல். டாக்டர் படத்தைத் திரையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார மறந்து நின்றார்.

"சிஸ்டர், இந்தம்மாவுக்கு நோய் எதிர்ப்பு சக்தி எப்படி இருக்கும் தெரியுமா? கல்லு மாதிரி!"

நான் என் நோட்டைப் புரட்டினேன். "டாக்டர், போன வருஷம் ரெண்டு தடவை நிமோனியா. அதுக்கு முந்தி அக்கி. கால்ல புண்ணு, அஞ்சு மாசமா ஆறல. சளி எப்ப விட்டுச்சுன்னு எழுத இடமே இல்ல."

"அதான் அதிசயம்! அத்தனை வந்தும் இருக்காங்க பாருங்க!"

"வாய் இருக்கு டாக்டர். அதனால இருக்காங்க."

கேட்கவில்லை. முப்பது வருஷம் ஒன்றைத் தேடியவர் கண் முன்னால் அது வந்து நின்றால், அதன் மூக்கு ஒழுகுவது தெரியாது.

அடுத்த வேலை, இது பரம்பரையா என்று பார்ப்பது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அப்பனுக்கு அதில் பங்கே கிடையாது. அதனால் மகனை வரவழைத்தோம். அவர் லேபுக்கே வந்து, என்னிடம் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு டியூப் கொடுத்துவிட்டுப் போனார்.

பொருந்தவில்லை. ஜட்ஜம்மாவுடையது ஒரு வழி, மகனுடையது வேறு வழி. டாக்டர் மறுபடி செய்தார். மூன்றாவது தடவையும் செய்தார்.

"சிஸ்டர், அந்த மகன் இவங்க பெத்த மகன் இல்ல."

"வயித்துல ஆபரேஷன் தழும்பு இருக்கு டாக்டர். வாரா வாரம் சோப்புப் போடறது நான்."

"தழும்பு யாரோ பொறந்ததுக்கு. இவருதான் பொறந்தாருன்னு தழும்பு சொல்லாதே."

இங்கே ஒரு விஷயம். மகனுடைய ரத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டால் எந்தக் கஷ்டமும் இல்லை. 117 அப்படியே நிற்கும். குழுவும் மகனைக் கேட்கப் போவதில்லை. டாக்டர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். மறுநாள் காலையில் வந்து, "போய்க் கேட்டுடலாம். தத்துப் பிள்ளைன்னு சொன்னா எழுதிக்கிட்டு வந்துடலாம். பக்குவமா பேசலாம்," என்றார்.

பக்குவம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

ஜட்ஜம்மாவின் அறை ஒரு கட்டில், ஒரு வாளி, ஒரு ஜன்னல். ஜன்னல் தெருவைப் பார்த்தது. கட்டில் ஜன்னலைப் பார்த்தது. மகன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மருமகள் மருந்து டப்பாவில் கிழமை கிழமையாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தொண்டையைச் சரி செய்துகொண்டார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆராய்ச்சிக்காகக் கேக்கிறேன். உங்க மகன்... சின்னக் குழந்தையா இருக்கும்போது உங்ககிட்ட எப்படி வந்தார்?"

ஜட்ஜம்மா டாக்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல?"

"ஆயிடுச்சு."

"அப்ப தெரியாதா எப்படி வருவாங்கன்னு?"

நான் வாளியைப் பார்த்துக்கொண்டேன்.

"இல்லம்மா, நான் கேக்கிறது என்னன்னா... தத்து கித்து எடுத்து..."

"தத்தா! முப்பத்தொம்பது வயசுல, ஊரே மலடின்னு கை கழுவின பிறகு பெத்தேன்டி இவன! ஒன்றரை நாள் வலி. அப்புறம் வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க. காட்டட்டுமா? ஏய், இந்தத் துணிய எடு, காட்டறேன்!"

"அம்மா! வேணாம்மா!" என்றார் மகன். பிறகு அவருக்கு உறைத்தது. செருப்பில் பாதிக் காலோடு நின்றார். "டாக்டர், ஏன் இப்படிக் கேக்கிறீங்க? என் ரத்தத்துல என்ன வந்துச்சு?"

டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. சுற்றிவளைக்கவும் வராது, இப்போது முயன்று தோற்றதுதான் மிச்சம். "உங்க ரத்தமும் அம்மா ரத்தமும் பொருந்தல சார்."

மகன் கட்டிலில் உட்கார்ந்தார். தாயின் புண் கால் மேல் உட்கார்ந்ததால் ஒரு அலறலும் கேட்டது. "அப்ப ஆஸ்பத்திரில மாத்திட்டாங்களா? அப்ப நான் யாரு?"

"நீ என் கால் மேல உக்காந்திருக்கிற தடியன். எந்திரிடா!"

"அம்மா, இது வெளையாட்டு இல்லம்மா! ஐம்பத்திரண்டு வருஷமா..."

"அப்பன் மூக்கு, அப்பன் வழுக்க, அப்பன் மாதிரியே பாத்ரூம்ல அரை மணி நேரம். யாருடா மாத்துவா உன்ன? மாத்தினவன் திருப்பிக் கொண்டாந்திருப்பான்." ஜட்ஜம்மா டாக்டர் பக்கம் திரும்பினார். "என்ன பொருந்தல? எதோட எதப் பாத்த?"

"அவர்கிட்ட போன வாரம் எடுத்த ரத்தத்தையும், உங்ககிட்ட எடுத்த ரத்தத்தையும்."

"என்கிட்ட எப்ப எடுத்த?"

டாக்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வருஷமா, வருஷா வருஷம்..."

"உன் ஆளு எவனும் என்ன ஊசியால தொட்டதில்ல. மீசக்காரன் ஒருத்தன் முதல் தடவ வந்தான். சொம்புத் தண்ணிய மூஞ்சில ஊத்தி அனுப்பினேன்."

எல்லோரும் மருமகளைப் பார்த்தோம். அவள் வியாழக்கிழமைக் குழியில் மாத்திரை போட்டு மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னுதுதான்," என்றாள். "ஈரத் தலையோட நின்ன அந்த அண்ணன்கிட்ட, நானே எடுத்துத் தர்றேன்னு டியூபை வாங்கிட்டு உள்ள வந்தேன். அத்தை கைய நீட்ட மாட்டேன்னாங்க. ரத்தம் வேணும்னு கெஞ்சினதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?"

"என்ன சொன்னேன்? நியாயத்ததான் சொன்னேன்," என்றார் ஜட்ஜம்மா. "இருபது வருஷமா என் ரத்தத்தக் குடிச்சிருக்கியே, உன் கைல எடு, பாதி என்னுதாத்தான் இருக்கும்னேன்."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு. எடுத்தேன். அடுத்த ரெண்டு வருஷமும் அப்படியேதான்."

டாக்டரின் முகத்தை நான் பார்த்தேன். முப்பது வருஷமும் ஒரு நிமிஷத்தில் கீழே இறங்குவது தெரிந்தது. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒத்தைக் கையால எப்படி எடுத்தே?"

"ரப்பரைப் பல்லால இழுத்துக் கட்டுவேன். அப்புறம் சுலபம்."

"அம்மாவுக்கு வேணாம்னா, ஆராய்ச்சியே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சிஸ்டர் வரமாட்டாங்களே. வாரத்துல அந்த மூணு மணி நேரந்தான் எனக்கு."

"அந்த நேரத்துல என்ன பண்ணுவே?" மகன் கேட்டார். அந்த வீட்டில் இருபது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது என்று நினைக்கிறேன்.

"சினிமாவுக்குப் போவேன்."

"என்ன சினிமா?"

"யாருக்குத் தெரியும்? உக்காந்ததும் தூங்கிடுவேன். ஏசி நல்லா இருக்கும்."

நான் அங்கேயே ஜட்ஜம்மாவின் கையில் ரப்பரைக் கட்டினேன். கத்தினார். "கத்துங்க, ஆனா அசையாதீங்க" என்றேன். அரை நிமிஷ வேலை. மூன்று வருஷத்தில் இதை ஒரு தடவை நானே செய்திருக்கலாம். வீடுகளில் போய் ரத்தம் எடுப்பது என் வேலை இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

வாசலில் மருமகள் டாக்டரை நிறுத்தினாள். "டாக்டர், என் ரத்தத்துக்கு என்ன வயசு வந்துச்சு?"

"நாற்பத்தொன்பது."

"எனக்கு நாப்பத்தாறுதான்!" அவளுக்கு நிஜமாகவே கோபம். உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அத்தை! கேட்டுக்குங்க, மூணு வருஷம் நீங்க குடிச்சிருக்கீங்க!"

ஜட்ஜம்மாவின் சொந்த ரத்தம் மகனுடையதோடு அச்சாகப் பொருந்தியது. வயது தொண்ணூற்று நான்கு காட்டியது. மகனுக்கு நானே போன் செய்து சொன்னேன். "அப்ப நான் அவங்க பிள்ளைதானா?" என்று கேட்டவர், கொஞ்சம் தயங்கி, "உறுதியா?" என்றார். மகிழ்ச்சியா வருத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மீசைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தோம். நாற்பது வயது, நல்ல மனிதர்தான், முதியவர்கள் அதட்டினால் நடுங்குவார். "மேடம், எல்லாரும் திட்டறாங்க. நீட்டின கையில எடுத்தேன், நீட்டின கை யாருதுன்னு பாக்கல," என்றார்.

அப்படியானால் மற்ற இருநூற்றுப் பதினொரு பேர்? நாங்கள் ஐந்து பேரும் பஞ்சுக் குச்சியோடு வீடு வீடாகப் போய், அவரவர் கன்னத்தின் உள்பக்கத்தில் தேய்த்து எடுத்து வந்தோம். இரண்டாவது மாடிக் கடைசி அறையில் அதையெல்லாம் பழைய ரத்தத்தோடு ஒத்துப் பார்த்தார். இன்னும் எட்டு ரத்தம் ஆள் மாறியிருந்தது. எண்பத்து நான்கு வயதுக் கிழவர் ஒருவரின் ரத்தம் பெண் ரத்தம். "அவருக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும்மா, அதான் நான் குடுத்தேன்" என்றாள் அவர் மனைவி. "கல்யாணம் ஆனதுலேர்ந்து அவருக்கு வேண்டியத எல்லாம் நான்தானே செய்யறேன்?"

ஒன்பது பேரைக் கழித்தால் மீதி இருநூற்று மூன்று. படமாகப் போட்டால் வயது ஏற ஏற எல்லாம் ஒழுங்காகக் கெட்டுப்போகும் ஒரு கோடு. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். "வயசானா எல்லாருக்கும் வயசாகுதுன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. மூணு வருஷமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் அகலத்தை அளந்தார்.

அதன்பிறகுதான் டாக்டர் எங்கள் நோட்டுகளைக் கேட்டார். ஐந்து பேர், மூன்று வருஷம், சளி, புண், அக்கி, நிமோனியா எல்லாம் தேதியோடு. மூன்று வருஷமாக அலமாரியில் இருந்தவை. முதல் தடவையாக உட்கார்ந்து படித்தார். ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் அதிகம் சிந்தியிருந்தவர்களுக்கு, அதே வயதுள்ள மற்றவர்களைவிட நெஞ்சுச் சளி அடிக்கடி வந்திருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இருந்தது.

குழு கூடிய அன்று நோட்டுகளைச் சுமந்துகொண்டு நானும் போனேன். சுவரோரம் உட்கார்ந்தேன். டாக்டர் எழுந்து முதலில் 117 கதையைச் சொன்னார், சொம்புத் தண்ணீர் உட்பட. பிறகு எட்டு மாறாட்டங்களைச் சொன்னார். கடைசியில் அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சொன்னார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாறினத நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது."

"117ஐ வெச்சிருந்தா அஞ்சு வருஷம் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம். அஞ்சாவது வருஷம் வேற ஒருத்தர் அதே மகன்கிட்ட ரத்தம் எடுத்துட்டு, நீ உங்கம்மாவுக்குப் பொறக்கலன்னு சொல்லியிருப்பார். அந்த மனுஷன் ஒரு தடவ கால் மேல உக்காந்ததே போதும்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்கிறவரை மேற்பார்வை பார்க்காதது உங்கள் தவறு என்றார். டாக்டர் ஆமாம் என்றார். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு வருஷம் தரலாம். அறையில் பாதி பக்கத்து அறைக்காரருக்கு. ரத்தம் எடுக்கத் தனி ஆள் இனி கிடையாது. பொறுப்பான விஞ்ஞானி தானே போய் எடுக்க வேண்டும்.

டாக்டருக்கு முப்பது வருஷமாக ரத்தம் டியூபில்தான் பழக்கம். மனிதக் கையில் ஊசி போட்டதே இல்லை. என் கையில் பத்து நாள் பழக்கினேன். என் கை தேறிய பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை தச்சர் வீட்டில் தொடங்கினோம். தச்சர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். டாக்டர் ரப்பரைக் கட்டினார், தடவிப் பார்த்தார், குத்தினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார். வரவில்லை. மூன்றாவது இடத்தைத் தேடினார்.

"அளவு பாத்துக் குறி போட்டுட்டு அப்புறமா ஆணி அடிங்க டாக்டரம்மா," என்றார் தச்சர். "இந்தக் கை ஒண்ணுதான் இருக்கு, இந்தப் பக்கம் மாட்ட."

"பேசாம இருங்க ஐயா. அசையாதீங்க."

"நான் அசையல. உங்க கைதான் அசையுது."

மூன்றாவது தடவை வந்தது. டியூப் நிறையும்வரை டாக்டர் மூச்சு விடவில்லை. நான் பஞ்சை அழுத்திப் பிடித்தேன். அவர் டியூபில் நம்பரை ஒட்டினார். பிறகு பேனாவை எடுத்து, தச்சரின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்து, எடுத்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.